மீனின் வழுவழுப்பைத் துடைக்காதீர்கள்

கார்த்திகை மாதம், அடைமழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு விரால் குட்டைக்கு மீன் நோயைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். கரையோரம் ஏழெட்டு மீன் செத்து ஒதுங்கிக் கிடந்தது. உயிரோடு பிடித்துக் காட்டியவற்றின் முதுகிலும் வயிற்றோரத்திலும் காசளவு சிவப்புத் திட்டுகள். இரண்டு மீனில் சதை தெரியும் அளவுக்குப் புண்.

"தண்ணியில எவனோ எதையோ கலந்துட்டான் தம்பி" என்றார் குட்டைக்காரர்.

"கடைசியா எப்ப வலை போட்டீங்கண்ணே?"

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், எடை பார்க்க. விரால் கையில் நிற்காதே! காய்ந்த துண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். சாக்கில் கொட்டித் தராசில் தூக்கியிருக்கிறார்கள். அப்புறம் திரும்பக் குட்டையில் விட்டிருக்கிறார்கள். எந்த மீனும் அன்று சாகவில்லை. அதனால் அந்தத் துண்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று ஆளைத் திட்டுவோம். அந்த நழுவலை மீன் சும்மா வைத்திருக்கவில்லை. நம் தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. தேய்த்துக் குளித்தால் அழுக்காக உருண்டு வரும். மீனுக்கு அப்படி ஒரு காய்ந்த மேலடுக்கு கிடையாது. தண்ணீரைத் தொடும் கடைசிச் செல் வரை உயிருள்ள செல்தான். பலர் செதில்தான் மீனுக்கு வெளிக்கவசம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கெண்டைக்கும் விராலுக்கும் செதிலின் மேலேயே மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. ஒரு செதில் உதிர்ந்தால் ஓடு போன வீடு மாதிரி இல்லை, சுவரே பெயர்ந்த மாதிரி.

அந்தத் தோலுக்குள் கிண்ணம் போன்ற செல்கள் இருக்கின்றன. வழுவழுப்பைச் சுரப்பவை அவைதான். கிருமி ஒட்டுவதற்குள் அதை வாரிக்கொண்டு வழிந்துவிடும். அடியில் புதிது ஊறி வந்துகொண்டே இருக்கும். வழுவழுப்பில் பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் உண்டு, கிருமிகளில் ஓட்டை போடும் சிறு புரதங்கள் உண்டு, எதிர்ப்பொருள்களும் உண்டு. அந்த எதிர்ப்பொருளில் ஒரு பகுதி தோலிலேயே தயாராகிறது. இரத்தத்திலிருந்து வரட்டும் என்று தோல் காத்திருப்பதில்லை.

எனக்கு இன்றும் வியப்பு தருவது சாதாரணத் தோல் செல்தான். படிக்கும் காலத்தில் ஒரு செதிலைப் பிடுங்கி, ஊட்டக் கரைசல் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வைத்தோம். சில மணி நேரத்தில் விளிம்பிலிருந்து செல்கள் விசிறி மடல் போல விரிந்து ஊர்ந்து வெளியே வந்துவிட்டன. மீனின் உடம்பிலும் இதுதான் நடக்கிறது. சிராய்ப்பு விழுந்தால் புதுச் செல் பிறக்கட்டும் என்று இருக்காமல், பக்கத்துச் செல்களே நகர்ந்து வந்து மூடுகின்றன. நகரும் வழியில் கிடக்கும் கிருமியையும் துகளையும் விழுங்கவும் செய்கின்றன. சின்னக் கீறல் என்றால் சில மணி நேரத்தில் மூடிவிடும். துண்டால் இழுத்துத் தேய்த்த பரப்பு அப்படி மூடாது.

கெண்டை, கெளுத்தி வகைகளில் கதாயுதம் போன்ற இன்னொரு வகைச் செல்லும் உண்டு. தோல் கிழிந்தால் அதிலிருந்து கசியும் பொருளை மோந்து மற்ற மீன்கள் மிரளும். தேனீக்களின் நடனத்தைப் படித்து 1973-இல் நோபல் பரிசு பகிர்ந்த கார்ல் வான் ஃபிரிஷ், 1938-இலேயே சிறு கெண்டையினங்களில் இதைக் கவனித்து எழுதினார். வலை போட்ட மறுநாள் கெண்டைகள் தீவனத்துக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, நீடாமங்கலத்துக்கு வருவோம். புண்ணோரச் சதையை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தபோது குறுக்குச் சுவரில்லாத இழைகள் ஓடியிருந்தன. அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்ற நீர்ப்பூசணம் உண்டாக்கும் புண்நோயின் அடையாளம் அது. 1971-இல் ஜப்பானில் முதலில் தென்பட்ட நோய், 1988-இல் இந்தியாவுக்கு வந்தது. விராலுக்கு இது எமன். ஜிலேபிக் கெண்டை பெரும்பாலும் தப்பித்துவிடும். மழைத் தண்ணீர் சேர்ந்து குட்டை குளிரும் மாதங்களில்தான் தலைகாட்டும். குளிரில் மீனின் எதிர்ப்பும் மந்தமாகிவிடும். இந்தப் பூசணத்தின் நீந்தும் வித்துகளுக்குச் சேதமில்லாத தோலைவிடச் சிராய்த்த தோல் எளிதான வாசல். அந்த வாசலைத் துண்டு திறந்துவிட்டிருக்கிறது.

குட்டைக்காரர் அதற்குள் தீவனக் கடையில் சொன்னதைக் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கலந்திருந்தார். பாக்டீரியாவுக்கான மருந்து பூசணத்தை ஒன்றும் செய்யாது. டெல்டாவில் இந்தப் பழக்கம் வளர்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை; காசும் போகிறது, குட்டையிலுள்ள பாக்டீரியாவும் மருந்துக்குப் பழகிவிடுகிறது.

செத்ததை எடுத்துக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னேன். குட்டைத் தண்ணீரின் காரத்தன்மையைப் பார்த்து அதற்கும் சுண்ணாம்பு. இனி ஐப்பசி முதல் மார்கழி வரை அவசியமில்லாமல் வலை வேண்டாம். பிடித்தே ஆக வேண்டுமென்றால் முடிச்சில்லாத வலை, நனைத்த கை, வெயில் ஏறும் முன் வேலை முடிய வேண்டும். வெளியிலிருந்து குஞ்சு வாங்கி வந்தால் 10 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் கல்லுப்பு கரைத்து ஓரிரு நிமிடம் முக்கி விடலாம். துவண்டால் உடனே எடுத்துவிட வேண்டும். தோலில் ஒட்டிவரும் ஒட்டுண்ணிகள் பல அதில் கழலும்.

குஞ்சுகள் கரையில் உரசிக்கொண்டு துள்ளினாலோ, உடம்பில் சாம்பல் நிறப் படலம் படிந்தாலோ, வழுவழுப்பு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று பொருள். மீன் பேன் போன்ற ஒட்டுண்ணியோ, தண்ணீர்க் கெடுதலோ தோலை உறுத்துகிறது. அன்றே ஒரு மீனைத் தண்ணீரோடு பையில் போட்டுப் பக்கத்திலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ கொண்டு போய்க் காட்டுங்கள். செத்து ஐஸில் கிடந்த மீனை வைத்து எங்களால் அதிகம் சொல்ல முடியாது.

தை பிறந்து மறுபடி போனேன். பாதிக்கு மேல் தேறியிருந்தது. "அப்ப பிடிச்சுத் துடைக்காம எடை பார்க்கிறது எப்படி?" என்று அன்று கேட்டவர், இப்போது பாதி வாளித் தண்ணீரைத் தராசில் வைத்து, அதற்குள் மீனை விட்டார். வாளி எடையைக் கழிக்கும் கணக்கைக் கரையில் குந்தியபடி அவர் மகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.