வெள்ளணு நொதிச் செயல்பாடு: சொல் விளக்கம்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் பிள்ளை பிறந்ததும் காதில் விழும் பேச்சு, “என்சைம் கொறவாம்.” மலேசியாவில் 1980களிலிருந்து தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற சிவப்பணு என்சைமுக்கான சோதனை நடக்கிறது. குறைவு என்றால் துணி அலமாரியிலிருந்து பாச்சை உருண்டையை எடுத்துவிடச் சொல்வார்கள். அந்த உருண்டையில் உள்ள நாஃப்தலீன் அப்படிப்பட்ட குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். “அப்போ பிள்ளைக்கு ரத்தம் பத்தலையா, மிஸி?” என்று தாதியிடம் கேட்கும் தாய்மார் உண்டு. சொல் விளங்காததால் வரும் வீண் கலக்கம் அது.

ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1870களில் ஆக்கிய பெயர் என்சைம். கிரேக்கத்தில் ‘என்’ என்றால் உள்ளே, ‘ஸைமே’ என்றால் புளிப்பூட்டும் மாவு. தமிழில் கள் நுரைப்பதும் தோசை மாவு பொங்குவதும் நொதித்தல். அதிலிருந்து வந்தது நொதி. இலங்கைத் தமிழர் நொதியம் என்பார்கள். சிலர் ‘ஊக்கி’ என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளாட்டினம்கூட வினையூக்கிதான், நொதி உயிரணு உண்டாக்குவது.

லியூகோசைட்டுக்கு வெள்ளணு. இதில் சிக்கல் இல்லை.

கவனம் வேண்டியது ‘செயல்பாடு’ என்ற சொல்லில். பலர் ‘நொதி அளவு’ என்று எழுதிவிடுகிறார்கள். நொதி இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கலாம். குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு பொருளை அது மாற்றுகிறது என்பதே செயல்பாடு.

வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலுக்குள் கார பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவிச் சாயமேற்றுவார்கள். நொதி வேலை செய்த இடத்தில் நிறம் படியும். நுண்ணோக்கியில் 100 நியூட்ரோஃபில்களைப் பார்த்து, நிறத்தின் அடர்த்திக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 400க்கு மேல் போகாது. பெரியவர்களுக்கு இது கூடினால் கிருமித்தொற்றா, கர்ப்பமா என்று யோசிப்பார்கள். நலமாகப் பிறந்த குழந்தைக்கோ இயல்பாகவே கூடுதலாக இருக்கும். வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் அப்படித்தான்: பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டரில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000, பிறந்தவுடன் 9,000 முதல் 30,000 வரை இருக்கலாம். பெரியவர்களுக்கான எல்லையை வைத்துப் பச்சைப்பிள்ளையின் சோதனைத் தாளைப் படித்துப் பயந்துவிடக் கூடாது.

தொப்புள்கொடிச் சோதனை பார்ப்பது சிவப்பணு நொதியை. ஆகவே “என்சைம் கொறவு” என்று யாராவது சொன்னால், எந்த அணுவில், எந்த நொதி என்று மிஸியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.