பேட்ச் என்றால் ஒட்டு

சி மொழி நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிற ஜிசிசி கம்பைலரின் 14ஆம் பதிப்புக்கு மாறியதும் பழைய சி நிரல் ஒன்று பில்ட் ஆகாமல் நின்றுவிட்டது. உள்ளே ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமலே அழைத்திருந்தார்கள். முன்பெல்லாம் எச்சரிக்கையோடு விட்டுவிடும், 2024இல் வந்த இந்தப் பதிப்பு அதையே பிழை என்று நிறுத்திவிடுகிறது. விசாரித்தால் "ஒரு பேட்ச் போடு, சரியாகிவிடும்" என்றார்கள்.

பேட்ச் என்பது கிழிசல் மேல் வைத்துத் தைக்கிற துண்டுத்துணி. கணினிக்கு அந்தச் சொல் வந்ததும் கிட்டத்தட்ட அதே வேலைக்குத்தான், ஏனென்றால் அந்தக் காலத்தில் நிரல் என்பதே காகித நாடாவில் போட்ட ஓட்டைகள், தப்பான இடத்தில் ஓட்டை விழுந்தால் மேலே ஒரு துண்டு ஒட்டி மூடுவார்கள். 1944ஆம் ஆண்டின் ஹார்வர்ட் மார்க் 1 என்ற கணினியின் நாடாவில் அப்படி ஒட்டியிருப்பதைப் படத்தில் பார்க்கலாம். இன்று பேட்ச் என்பது எந்த வரி எப்படி மாறவேண்டும் என்று சொல்லும் சிறு கோப்பு. அதை நிரலின் மேல் ஏற்றுவதற்கு பேட்ச் என்ற பெயரிலேயே ஒரு கருவியை லேரி வால் என்ற நிரலாளர் 1985இல் எழுதினார். லினக்ஸில் இன்றும் நாம் தட்டுகிற கட்டளை அதன் வழிவந்ததுதான்.

தமிழில் சிலர் 'திருத்தம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. திருத்தினால் பழையது போய்விடும். பேட்ச் அப்படி இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் மூல நிரல் வந்தபடியே இருக்கும், பேட்சுகள் தனி அடைவில் கிடந்து பில்டின்போது வரிசையாக மேலே ஏறும், வேண்டாம் என்றால் உரித்தும் விடலாம். இதற்கு 'ஒட்டு'தான் பொருத்தம். ஒட்டுப்போட்ட வேட்டி, பஞ்சர் ஒட்டுவது என்று நம் வாயில் ஏற்கெனவே புழங்குகிற சொல். (நெடிலாக்கிவிட்டால் தேர்தல் ஆகிவிடும், அவ்வளவுதான் ஆபத்து.)

இன்னொரு பொருத்தமும் உண்டு. தையல்காரர் கிழிசலைச் சுற்றியுள்ள நல்ல துணியில்தான் ஊசியை ஏற்றுவார். பேட்ச் கோப்பும் மாறுகிற வரிக்கு மேலே மூன்று, கீழே மூன்று என்று மாறாத வரிகளையும் சேர்த்தே வைத்திருக்கும், அவற்றைப் பிடித்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. வரி எண் நகர்ந்திருந்தால் தேடி ஒட்டிவிடும். சுற்றியுள்ள வரிகளே மாறிப்போயிருந்தால் 'ஹங்க் ஃபெயில்டு' (துண்டு ஒட்டவில்லை) என்று கைவிரித்துவிட்டு, ஒட்டாத துண்டை ரெஜ் என்று முடியும் கோப்பில் போட்டு வைக்கும்.

எனக்கு வந்ததும் அதுதான். ரெஜ் கோப்பைத் திறந்தேன், உள்ளே இருந்தது அந்த ஃபங்ஷனின் அறிவிப்பைக் கொண்டுவரும் ஒரே ஒரு இன்க்ளூட் வரி. கையாலேயே தைத்தேன்.