மல்டிபிளெக்சர்: சேர்ப்பியா, தேர்வியா?

பல உள்ளீடுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து ஒரே வெளியீட்டுக்கு அனுப்பும் சுற்றுதான் மல்டிபிளெக்சர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் 'மல்ட்டி' என்றால் பல. 'பிளெக்ஸ்' மடிப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்தால் பன்மடி. தமிழுக்கும் இது பழகிய வழிதான்: இருமடி, மும்மடி, பன்மடங்கு. பல திரைகள் உள்ள சினிமா அரங்கை மல்டிபிளெக்ஸ் என்பதும் இதே சொல்லை வைத்துத்தான்.

டிஜிட்டல் சுற்றுக்கு முன்பே தந்தியில் இச்சொல் புழங்கியது. பிரான்சின் எமில் போடோ 1874இல் காப்புரிமை பெற்ற தந்தி முறையில், சுழலும் தொடுகை ஒன்று பல இயக்குநர்களின் கருவிகளை முறைவைத்து ஒரே கம்பியோடு இணைத்தது. மறுமுனையில் அதே வேகத்தில் சுழலும் இன்னொரு தொடுகை அவற்றை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. செய்திகள் கலக்கவில்லை, ஒவ்வொன்றும் தன் முறைக்காகக் காத்திருந்தது.

டிஜிட்டல் சுற்றில் உள்ள மல்டிபிளெக்சரும், அதாவது ஆய்வகத்தில் எல்லாரும் சொல்லும் 'மக்ஸ்', எதையும் கலப்பதில்லை. நான்கு உள்ளீடு, ஒரு வெளியீடு உள்ள மக்ஸை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு தேர்வுக் கம்பிகள் உண்டு. அவற்றில் 00, 01, 10, 11 என நான்கு நிலைகள்தான் வர முடியும். ஒவ்வொரு நிலையும் ஓர் உள்ளீட்டின் முகவரி. உள்ளே ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஓர் ஆண்ட் கேட் (தனக்கு வருவதெல்லாம் 1 என்றால் மட்டும் 1 தருவது) காவல் இருக்கிறது. தேர்வுக் கம்பிகளும், நாட் கேட் (0ஐ 1 ஆகவும் 1ஐ 0 ஆகவும் மாற்றுவது) வழியே வரும் அவற்றின் எதிர்மறைகளும் சேர்ந்து எந்நேரமும் ஒரு காவலை மட்டும் திறக்கின்றன. மற்ற மூன்றும் 0 தருகின்றன. நான்கையும் வாங்கும் ஆர் கேட்டுக்கு (ஏதாவது ஒன்று 1 என்றாலே 1 தருவது) மூன்று 0 ஒரு பொருட்டே இல்லை; திறந்த உள்ளீடு 0 என்றால் 0, 1 என்றால் 1 அப்படியே வெளியே வரும். தேர்வுக் கம்பி மூன்று என்றால் எட்டு உள்ளீடு. 74151 என்ற சிப் இந்த வகை.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. எட்டு உள்ளீட்டு மக்ஸில், 0 முதல் 7 வரை எண்ணிட்ட உள்ளீடுகளில் 3, 5, 6, 7 ஆகியவற்றை 1 என்றும், மற்றவற்றை 0 என்றும் கட்டிவிட்டு, மூன்று மாறிகளைத் தேர்வுக் கம்பிகளில் கொடுத்துப் பாருங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு 1 ஆக இருந்தால் வெளியீடு 1. பெரும்பான்மை வாக்குச் சுற்று தயார். மெய்ப்பட்டியலை, அதாவது எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்ற அட்டவணையை, அப்படியே உள்ளீட்டுக் கால்களில் எழுதிவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். வேண்டிய சுற்றைப் பிறகு நாமே அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏ சிப்புகளில் உள்ள தேடல் அட்டவணைகளும் இந்த உத்தியில்தான் இயங்குகின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பல்சேர்ப்பி' என்றால் எல்லாம் ஒன்றாகக் கலப்பதுபோல் ஒலிக்கிறது. முதல்முறை படிப்பவரை அது வழிதவற வைக்கும். சிப் தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களே மல்டிபிளெக்சருக்கு 'டேட்டா செலக்டர்' என்ற பெயரையும் சேர்த்தே போடுகின்றன. 'தெரிவி' எனலாம், ஆனால் அது 'சொல்' என்ற ஏவலாகவும் படும். ஆகவே என் தேர்வு 'தரவுத் தேர்வி'. தொலைத்தொடர்பில் பல அலைவரிசைகள் ஒரே நேரத்தில் ஒரே கம்பியில் போகும் முறைக்கு மட்டும் 'பல்சேர்ப்பு' பொருந்தும். அங்கே அதை விட்டுவிடலாம்.

டிமல்டிபிளெக்சர் இதன் தலைகீழ்: ஓர் உள்ளீடு, பல வெளியீடு. தேர்வுக் கம்பி காட்டும் வெளியீட்டில் மட்டும் தரவு போகும். மற்றவை 0இல் நிற்கும். அந்த 0 தரவு அல்ல, வெறும் ஓய்வுநிலை. உள்ளீட்டை 1இலேயே பிடித்துவைத்தால் இதுவே டிகோடர், அதாவது கொடுத்த எண்ணுக்குரிய ஒரு வெளியீட்டை மட்டும் தனித்துக் காட்டும் சுற்று, ஆகிவிடும்; 74138 சிப்பை டிகோடர், டிமல்டிபிளெக்சர் என இரு பெயராலும் அழைப்பது அதனால்தான். அதில் மட்டும் கணக்கு தலைகீழ்: தேர்ந்த கால் 0, ஓய்வில் உள்ளவை 1. 'பகிர்வி' என்றால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பதுபோல் இருக்கிறது. 'பிரிப்பி' என்றால் தரவே துண்டாவதுபோல் இருக்கிறது. 'வழித்தேர்வி' எனலாம்: தேர்வி எதை அனுப்புவது என்று தேர்கிறது, வழித்தேர்வி எங்கே அனுப்புவது என்று.