ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது, மேஜர் யார் கையில்?

அமெரிக்கக் கல்லூரி அணி எதுவாக இருந்தாலும் அதன் இணையப் பக்கத்தில் வீரர்கள் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பெயரையும் திறந்தால் உயரம், ஊர், படித்த பள்ளி ஆகியவற்றோடு பெரும்பாலும் மேஜரும், அதாவது பட்டத்துக்கு எடுத்திருக்கும் முதன்மைத் துறையும், போட்டிருப்பார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு வீரர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேஜர் வாரியாக எண்ணிப் பாருங்கள். முதல் ஆண்டுக்காரர்களை விட்டுவிடலாம், அவர்கள் பெயருக்கு நேரே இருப்பது சேரும்போது இருந்த ஆசை மட்டுமே. அணியில் 25 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே துறையில் இருந்தால், வீரர்கள் அங்கே ஒதுக்கப்படுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். 1987-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று வைத்த இந்த அளவுகோலைத்தான் ஆய்வாளர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள்.

எண்ணிக்கை மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. அந்தக் கல்லூரியில் எல்லா மாணவர்களுமே வணிகவியலை மொய்க்கிறார்கள் என்றால் அணியும் அங்கேதான் இருக்கும். கல்லூரி முழுவதிலும் 3 சதவீதம் பேர் படிக்கும் துறையில் அணியின் பாதி உட்கார்ந்திருந்தால், அது தற்செயல் அல்ல.

கோச் மிரட்டித் துறை மாற்றுவார் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே வருவதில்லை, விதிகளின் கணக்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் விளையாட, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பட்டத்துக்குத் தேவையான பாடங்களில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80. ஐந்தாவது செமஸ்டர் தொடங்கும் முன் மேஜரை அறிவித்துவிட வேண்டும். வீரர்கள் பட்டம் வாங்காமல் போவதைத் தடுக்க 2003-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. நோக்கம் நல்லதுதான்.

பாடங்களின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் எண்ணுவார்கள். 120 கிரெடிட் பட்டம் என்றால் 40 சதவீதம் என்பது 48 கிரெடிட். ஒரு மாணவி இரண்டு ஆண்டில் 60 கிரெடிட் முடித்திருக்கிறாள், எல்லாம் பொதுப் படிப்புக்கான பாடங்கள். இப்போது கணினி அறிவியலுக்கு மாற விரும்புகிறாள். அந்தத் துறை அவற்றில் 42-ஐத்தான் ஏற்கிறது என்றால் கணக்கு 35 சதவீதத்தில் நின்றுவிடும், களத்தில் இறங்க முடியாது. எதிர்த்திசையில் சிக்கலே இல்லை. கணினி அறிவியலில் தொடங்கியவர் பொதுப் படிப்புக்கு வந்தால் படித்தது அநேகமாக அத்தனையும் விருப்பப் பாடமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். கடினமான துறையிலிருந்து இறங்க வழி உண்டு, ஏறத்தான் இல்லை. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுகிறவர்களுக்கு இது இன்னும் இறுகும்: புதிய கல்லூரி எந்தெந்தக் கிரெடிட்டைப் பட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறதோ, அதை வைத்தே சதவீதம்.

அடுத்தது நேரம். போட்டிக் காலத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. ஆனால் ஒரு போட்டி நாள் முழுவதையும் 3 மணி நேரமாகவே கணக்கிடுவார்கள். பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் கணக்கிலேயே வராது. வேதியியல், உயிரியல் ஆய்வகங்கள் பெரும்பாலும் பிற்பகலில் மூன்று மணி நேரம் ஓடும். பல அணிகளின் பயிற்சியும் அப்போதுதான். கரிம வேதியியலின் முதல் பகுதியைத் தவறவிட்டால் இரண்டாம் பகுதி இல்லை, அதில்லாமல் உயிர்வேதியியல் இல்லை. செவிலியர் படிப்பின் மருத்துவமனைப் பணியும் ஆசிரியர் படிப்பின் பள்ளிப் பயிற்சியும் இப்படித்தான் மோதும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் கெய்ன் கோல்டர் மருத்துவம் படிக்க நினைத்தவர். தேவையான வேதியியல் வகுப்பு பயிற்சி நேரத்தில் வந்ததால் அதைத் தள்ளிப்போட்டு, பின்தங்கி, கடைசியில் உளவியலுக்கு மாறியதாக 2014-ல் தொழிலாளர் உறவு வாரிய விசாரணையில் சாட்சியம் சொன்னார்.

இதற்கு நடுவில் இருப்பவர் விளையாட்டுத் துறையின் கல்வி ஆலோசகர். அணிக்கு என்.சி.ஏ.ஏ. கணக்கிடும் கல்வி மதிப்பெண்ணில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஸ்காலர்ஷிப் வீரர் ஒருவருக்கு இரண்டு புள்ளி: தகுதியோடு இருப்பதற்கு ஒன்று, கல்லூரியிலேயே நீடிப்பதற்கு ஒன்று. ஆயிரத்துக்கு 930-க்குக் கீழே அணி இறங்கினால் பருவ இறுதிப் போட்டிகளில் ஆட முடியாமல் போகலாம். அந்தப் புள்ளியைக் காக்கும் பொறுப்பு ஆலோசகருக்கு. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. 'இந்தப் பாடம் பாதுகாப்பானது' என்று அவர் சொன்னால், தகுதி போகாது என்று பொருள். வேலை கிடைக்குமா என்பது அவர் முன் இருக்கும் கேள்வியே அல்ல.

பாடத்தின் தரத்தை என்.சி.ஏ.ஏ. பார்த்துக்கொள்ளும் என்றும் நம்ப வேண்டாம். வட கரோலினா பல்கலைக்கழகம், சேப்பல் ஹில்லில் 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத 'காகிதப் பாடங்கள்' ஓடின. 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அவற்றை எடுத்திருந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்றது 2014-ன் விசாரணை அறிக்கை. ஆனால் பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன என்பதால், விதிமீறல் என்று முடிவுகட்ட முடியவில்லை என்று 2017-ல் என்.சி.ஏ.ஏ. கைவிரித்துவிட்டது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது 'படிப்புக்கு ஆதரவு உண்டா?' என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் 'உண்டு' என்றுதான் பதில் வரும். கடந்த நான்கு ஆண்டில் இந்த அணியில் இந்த மேஜரை முடித்தவர் யார், அவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். பயிற்சி காலையிலா பிற்பகலிலா, ஆய்வகம் குறுக்கிட்டால் எது விட்டுக்கொடுக்கும் என்று கேளுங்கள். நீங்கள் படிக்க விரும்பும் துறையின் ஆலோசகரைத் தனியாகச் சந்தித்து, எட்டு செமஸ்டருக்குமான பாடத் திட்டத்தை எழுதி வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரே முறை நடக்கும் பாடங்களை அதில் வட்டமிட்டு, போட்டிப் பருவத்தோடு ஒப்பிடுங்கள். உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் செய்ய வேண்டியது இது. அப்புறம் கேட்டால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

சேர்ந்த பிறகு முதல் இரண்டு செமஸ்டர்தான் முக்கியம். கால்குலஸ், வேதியியல் போன்ற சங்கிலிப் பாடங்களை அப்போதே தொடங்கிவிட வேண்டும். போட்டிப் பருவத்தில் ஒன்று, பருவம் இல்லாதபோது இரண்டு, மீதி கோடையில் என்று பிரிக்கலாம். வீரர்களுக்குப் பல கல்லூரிகளில் பாடப் பதிவில் முன்னுரிமை உண்டு, அதை ஆய்வகத்தின் காலைப் பிரிவைப் பிடிக்கப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் கல்லூரியின் பட்டத் தணிக்கை மென்பொருளில் விரும்பும் மேஜரைப் போட்டுப் பார்த்துச் சதவீதத்தைக் குறித்துவையுங்கள்.

மேஜரின் பெயரை மட்டும் கண்டு பயப்படவும் வேண்டாம். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைரன் ரோல் எடுத்தது உடற்பயிற்சி அறிவியல். ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பதற்கான ரோட்ஸ் உதவித்தொகை பெற்று, பின்னர் நரம்பியல் அறுவை மருத்துவர் ஆனார். அந்தப் பட்டத்துக்குள் மருத்துவக் கல்லூரி கேட்கும் பாடங்கள் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

இங்கிருந்து டென்னிஸ், ஸ்குவாஷ், நீச்சல் மூலம் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் படித்து முடித்தால் வேலைப் பயிற்சிக்கு அங்கே 12 மாதம் தங்கலாம். அமெரிக்க அரசின் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள பட்டம் என்றால் கூடுதலாக 24 மாதம். விளையாட்டு மேலாண்மைக்கு மாறச் சொல்லி இரண்டாம் ஆண்டில் ஆலோசனை வந்தால், அந்த 24 மாதம் போகிறது என்பதை எவரும் நினைவூட்ட மாட்டார்கள். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் மேஜரின் பக்கத்தில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். மேஜரை மாற்றக் கையெழுத்திடும் முன், மாறச் சொல்லும் துறையின் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். கோச்சிடம் அல்ல.