தண்ணீருக்குள் வெயில் தெரியாது

போன மே மாதம் அக்கா பையனைக் கோடை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. காலை பேட்ச் எல்லாம் நிரம்பிவிட்டதால் பதினொன்றரை மணி பேட்ச்தான் கிடைத்தது. கரையில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் இறங்கிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் குளுகுளுவென்று இருந்தது, வெயில் என்ற நினைப்பே இல்லை. சாயங்காலம் சட்டை மாற்றும்போதுதான் தோள்பட்டை எரிந்தது, ராத்திரி மல்லாந்து படுக்க முடியவில்லை, நான்காம் நாள் முதுகு வெங்காயச் சருகு மாதிரி உரிய ஆரம்பித்தது. "குளோரின் தண்ணி ஒனக்கு ஒத்துக்கல" என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். குளோரின் பாவம், அது அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை.

சூரியனிடமிருந்து வருவதில் நம் தோலுக்குச் சூடாக உறைப்பது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான். தோலைப் புண்ணாக்குவது புற ஊதாக் கதிர், அதாவது யுவி. இதை உணர நம் தோலில் நரம்பே கிடையாது. தரையில் நிற்கும்போது இது பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் உச்சி வெயிலில் இரண்டும் சேர்ந்தே வரும், சூடு தாங்காமல் நாமே நிழலுக்கு ஓடிவிடுவோம். தண்ணீர் இந்தக் கூட்டணியைப் பிரித்துவிடுகிறது. அகச்சிவப்புக் கதிரின் பெரும்பகுதியை மேலே உள்ள சில சென்டிமீட்டர் தண்ணீரே உறிஞ்சிக்கொள்ளும். போதாததற்கு, காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்துகிற பொருள் அது, உடம்புச் சூட்டை உருவிக்கொண்டே இருக்கும். யுவியை மட்டும் தாராளமாக உள்ளே விடும். அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருக்கும் யுவியில் சுமார் 40 சதவீதம் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீந்துகிறவரின் முதுகு அரை மீட்டர் ஆழத்திலா இருக்கிறது? தண்ணீருக்கு மேலும் கீழுமாக, நனைந்தபடி, நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். யுவியைத் தடுப்பது தண்ணீரைவிட அதில் கரைந்திருக்கும் மக்கிய இலைதழைச் சமாச்சாரங்களும் பாசியும்தான். அதனால் பச்சையாகக் கிடக்கும் ஊர்க்குளம், கண்ணாடி மாதிரி பளபளக்கும் நீச்சல் குளத்தைவிட நல்ல திரை (மற்ற விஷயங்களில் அது எப்படி என்பது வேறு கதை). கிணறு அதைவிடச் சுவாரசியம். யுவியில் கணிசமான பங்கு சூரியனிடமிருந்து நேராக வராமல் வானம் முழுக்கச் சிதறித்தான் வந்து சேர்கிறது. நிழலில் நின்றாலும் கொஞ்சம் படுவதும், மெல்லிய மேகம் போட்ட நாளில் கருப்பதும் இதனால்தான். ஆழமான கிணற்றுக்குள் இருந்து பார்த்தால் வானம் ஒரு தட்டு அளவுதான். உச்சி நேரத்தைத் தவிர மற்றபடி சுவரே குடை.

சரி, பட்ட யுவி உள்ளே போய் என்ன செய்கிறது? யுவியில் 'ஏ', 'பி' என்று இரண்டு வகை நம்மை வந்தடைகிறது. 'பி' வகை மேல்தோலின் அடி வரிசை வரை போய் டிஎன்ஏவை நேரடியாகத் தாக்கும். டிஎன்ஏவை முறுக்கிய ஏணி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு எழுத்தும் எதிரே உள்ள எழுத்தோடு கைகோத்திருக்க வேண்டும். யுவி பட்டதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தைமின் என்ற இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஏணியைக் கோணலாக்கிவிடும். உடனே செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் வந்து கோணல் துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும். இது தினமும் நடக்கிற வேலை. சேதம் மிஞ்சிப்போனால் செல் தானே உயிரை விட்டுவிடும், என் முதுகில் உரிந்ததில் அப்படிச் செத்த செல்களும் உண்டு. எரிச்சலும் சிவப்பும் நாலைந்து மணி நேரம் கழித்து வருவதும் இந்தப் பஞ்சாயத்துக்கு நேரம் பிடிப்பதால்தான். அதாவது எரியும்போது கரையேறலாம் என்று காத்திருந்தால் காரியம் ஏற்கெனவே முடிந்திருக்கும்.

சிக்கல், சரிசெய்யாமல் தப்பித்த பிழைகளில் இருக்கிறது. அப்படி ஒரு பிழை பி53 என்ற மரபணுவில் விழுந்தால், 'நீ கெட்டுப்போய்விட்டாய், செத்துப்போ' என்று செல்லுக்குச் சொல்ல வேண்டிய ஆளே இல்லாமல் போகிறது. ஒரு பிழையால் புற்றுநோய் வந்துவிடாது. பல வருட வெயில், பிழை மேல் பிழை என்று சேர வேண்டும்.

நம் தோல் விஷயத்துக்கு வருவோம். தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் செல்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான். நம்முடையவை பெரிய பொட்டலங்களாக, நிறைய, கருமையாகக் கட்டி அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிய செல் அதைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்து, தொப்பி மாதிரி வைத்துக்கொள்கிறது. கருப்பு என்பது ஒவ்வொரு செல்லும் பிடித்திருக்கும் குடை. 1979இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அளவீட்டில், கறுப்பினத்தவரின் மேல்தோல் மட்டுமே சுமார் 13 எஸ்பிஎஃப் (சன்ஸ்க்ரீன் ட்யூபில் யுவியைத் தடுக்கும் திறனுக்குப் போடும் எண்) பாதுகாப்பு தந்தது, வெள்ளையரின் தோல் 3 சொச்சம்தான். நாம் இரண்டுக்கும் நடுவே, வீட்டுக்கு வீடு, ஏன் அண்ணன் தம்பிக்குள்ளேயே வித்தியாசமாக, பரவிக் கிடக்கிறோம்.

இதனால்தான் ஆஸ்திரேலியாவின் பயத்தை அப்படியே இறக்குமதி செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே மூன்று பேரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. வெளுத்த தோல், கொளுத்தும் வெயில், கடற்கரையிலேயே வாழ்க்கை. 1981இலேயே சட்டை போடு, க்ரீம் தடவு, தொப்பி வை என்று ஒரு கடற்பறவைக் கார்ட்டூனை வைத்துப் பிரச்சாரம் ஆரம்பித்துவிட்டார்கள். குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1,621 பேரை வைத்து நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்க்ரீன் போட்டவர்களுக்கு செதிள் செல் புற்று என்ற வகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது மெலனின் செல்களில் வரும் ஆபத்தான புற்றான மெலனோமாவும் பாதியாகியிருந்தது. இந்தியாவிலோ மொத்தப் புற்றுநோய்களில் தோல் புற்றுநோய் 1 சதவீதம்கூட இல்லை. நாலு நாள் நீச்சலடித்ததற்காக யாரும் பதற வேண்டாம். வெண்புள்ளி உள்ளவர்கள், பிறவியிலேயே மெலனின் இல்லாதவர்கள் கதை வேறு: குடை இல்லாத தோல், கட்டாயம் மூடிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நம்மைப் போன்ற தோலில் மெலனோமா வந்தால் அது பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வருகிறது. பாப் மார்லிக்குக் கால் கட்டை விரலில் வந்தது, 1981இல் 36 வயதில் இறந்துபோனார். இதை எந்த சன்ஸ்க்ரீனும் தடுக்காது. பாதத்தில் புதிதாக ஒரு கரும்புள்ளி வந்து பரவினாலோ, நகத்தில் கருங்கோடு விழுந்து அகலமானாலோ, செருப்பு கடித்தது என்று தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆனால் குடை இருக்கிறது என்பதற்காகக் கொட்டும் மழையில் நனையாமல் இருக்க முடியாது, என் முதுகே சாட்சி. கண்ணுக்கு அந்தக் குடையும் இல்லை. வருடக்கணக்காகக் கடலில் வெயிலில் கிடப்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதில் யுவிக்குப் பங்கு உண்டு.

சன்ஸ்க்ரீன் போடுவதென்றால் எப்படி என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். ட்யூபில் போட்டிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி அளந்தது. பெரியவர் ஒருவரின் உடம்பு முழுக்க என்றால் ஏழு டீஸ்பூன்! நாம் பட்டாணி அளவு பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் இழுத்துவிட்டு 50 போட்டாயிற்று என்கிறோம். இது தோல் மேல் ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். தண்ணீர் அரிக்கும், துண்டு துடைத்தெடுக்கும். அமெரிக்காவில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று லேபிளில் போடவே கூடாது, 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் தண்ணீரில் தாங்கும் என்றுதான் போடலாம். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தடவி, துவட்டியதும் மறுபடி தடவினால் பிரயோஜனம் உண்டு. தேங்காய் எண்ணெயே போதும் என்று சுற்றும் ஃபார்வர்டை நம்பாதீர்கள், அது தடுப்பது சொற்பம். வெள்ளையாவதற்காக சன்ஸ்க்ரீன் வாங்குவது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் கட்டுரை நீண்டுவிடும்.

உண்மையில் க்ரீமைவிடத் துணி எவ்வளவோ மேல், ஆனால் எந்தத் துணி என்று இருக்கிறது. நனைந்த வெள்ளை வேட்டிக்குள் இருப்பது ஏன் வெளியே தெரிகிறது? நூல்களுக்கு இடையே காற்று இருக்கும்வரை ஒளி அங்கங்கே சிதறித் திரும்பும். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் ஒளி நேராக உள்ளே போய்விடும். யுவிக்கும் அதே கதைதான். பனியனோடு நீந்தும் பையன்கள் பாதி வெறும் உடம்போடு நீந்துகிற மாதிரி. அடர்நிறத்தில், நெருக்கமாக நெய்த, முழுக்கை நைலான் அல்லது பாலியெஸ்டர் நீச்சல் சட்டை நனைந்தாலும் தடுக்கும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான கருவி நிழல். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் யுவி கடுமை என்று அர்த்தம். சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் ஏறத்தாழ காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்று வரை நிழல் குட்டைதான். பதினொன்றரை மணி பேட்ச் ஏன் காலியாக இருந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

இந்த வருடம் மார்ச்சிலேயே போய் ஆறரை மணி பேட்சுக்குப் பணம் கட்டிவிட்டேன். பையனுக்கு ஒரு கருநீல முழுக்கைச் சட்டையும் வாங்கியாயிற்று. அம்மா இன்னும் குளோரின்தான் என்கிறார்.