புரோட்டீன் பவுடர் குடித்தால் வயிறு பொருமுகிறதா? முதலில் பாலைச் சந்தேகியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஜிம்முக்குப் போகத் தொடங்கும் இளைஞர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: வயிறு பொருமுகிறது, ஏப்பம் நிற்கவில்லை, காலையில் இரண்டு மூன்று தடவை வெளியே போகிறது. உடனே வேறு கம்பெனி டப்பா வாங்குகிறார்கள். அதிலும் அதே பாடு. பல நேரம் கோளாறு பவுடரில் இல்லை. அதைக் கரைக்கும் பாலில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வே கான்சென்ட்ரேட் (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் சாதாரணப் புரதப் பவுடர்) ஒரு ஸ்கூப், சுமார் 30 கிராம், தரும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஏறத்தாழ 1 முதல் 2.5 கிராம்தான். 300 மில்லி பசும்பாலில் அது 14 கிராம் அளவுக்கு இருக்கும். சிறுகுடலில் அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்சைம் குறைந்தவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. பால்குடி வயது தாண்டியபின் அது குறைவது நோயல்ல. அவர்களில் பலர் ஒரே நேரத்தில் 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குவார்கள். அதற்கு மேல் போனால் செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்கும். "தினம் மூணு டீ குடிக்கேன், பால் எனக்கு ஒத்துக்குமே" என்பார்கள். ஒரு டீயில் போவது 50, 75 மில்லி பால், அதுவும் மணிக்கணக்கு இடைவெளியில். பவுடரைப் பாலில் கலக்கிய ஷேக்கில் 300 மில்லி ஒரே மூச்சில் போகிறது.

சோதிப்பது எளிது. மூன்று நாள் பவுடரையும் ஷேக்கையும் நிறுத்துங்கள். வயிறு அடங்கியதும் அரை ஸ்கூப்பை 250 மில்லி தண்ணீரில் கலந்து மூன்று நாள் குடியுங்கள். தொந்தரவு இல்லையென்றால் முழு ஸ்கூப். அதுவும் ஒத்துக்கொண்டால் குற்றவாளி பால்தான். அரை ஸ்கூப்பே பொருமினால் இன்னும் சுத்திகரித்த வகையான ஐசோலேட்டுக்கு மாறலாம். அதில் லாக்டோஸ் மிகக் குறைவு. அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். சார்பிட்டால், மால்டிட்டால் என்ற இனிப்பூட்டிகளும் இனுலின் என்ற நார்ச்சத்தும் வாயுவைக் கிளப்பும். புரோட்டீன் பாரில் இவை அதிகம். எடை கூட்ட விற்கும் கெயினர் வகையில் ஒரு வேளைக்கே 75, 100 கிராம் பவுடர், பெரும்பகுதி மாவுச்சத்து. அதைப் பாலில் அடித்து, ஏத்தன் பழமும் ஓட்ஸும் சேர்த்தால் எந்த வயிறும் திணறும்.

குடிக்கும் விதமும் முக்கியம். ஷேக்கரை வேகமாகக் குலுக்கினால் நுரை பொங்கும். நுரையோடு குடித்தால் காற்றையும் விழுங்குகிறீர்கள், அதுதான் ஏப்பம். ஐந்து, பத்து நிமிடம் அடங்க விடுங்கள். கடும் பயிற்சியின்போது குடலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். முடித்த கையோடு மடமடவென்று குடித்தால் குமட்டும். அரை மணி நேரம் கழித்துக் குடிப்பதால் தசைக்கு எந்த நட்டமும் இல்லை.

மலச்சிக்கலுக்குக் காரணம் வேறு. பயறுக் கஞ்சியும் தோரனும் இருந்த இடத்தில் ஷேக் வந்து உட்கார்ந்ததும் நார்ச்சத்து போய்விடுகிறது. மாற்ற வேண்டியது சாப்பாட்டை.

உண்மையில் பவுடர் தேவையா என்பதையும் கேட்க வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆரோக்கியமான பெரியவருக்குச் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம்; 60 கிலோ எடைக்கு 50 கிராம். எடை தூக்குபவருக்கு 1.6 கிராம் வரை போகலாம், அதாவது 96 கிராம். 150 கிராம் சாளை மீனில் சுமார் 30 கிராம், இரண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி சிறுபயறில் 10க்கு மேல். குளச்சலிலும் முட்டத்திலும் மீன் கரையேறும் மாவட்டத்தில் இது கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் தட்டு நிறைய மரச்சீனியும் ஓரத்தில் ஒரு மீன் துண்டும் போதாது: கிழங்கில் 100 கிராமுக்குப் புரதம் 1 கிராம் அளவே. 2024இல் வந்த அந்நிறுவனத்தின் உணவு வழிகாட்டியும் உடம்பை ஏற்ற புரதப் பவுடரைத் தவிர்க்கவே சொல்கிறது.

குடித்த சற்று நேரத்தில் உதடு வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு எழுந்தாலோ, மூச்சு இரைத்தாலோ அது லாக்டோஸ் பிரச்சினையல்ல, பால்புரத ஒவ்வாமை; ஐசோலேட்டும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, பவுடரை நிறுத்தி இரண்டு வாரமாகியும் தீராத தொந்தரவு என்றால் டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளும் முதல் ஸ்கூப்புக்கு முன்பே, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.