இறக்கையில் பனிக்கட்டி பிடிப்பது எப்படி?

ஜனவரியில் டொரன்டோவிலிருந்து கிளம்பிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "புறப்படும் முன் இறக்கையில் ஆரஞ்சு நிறத் திரவத்தைச் சூடாகப் பீய்ச்சினார்கள். தரையில் பனி பெய்கிறது, சரி. மேகத்தில் இருப்பது தண்ணீர்தானே, அங்கே எப்படிப் பனிக்கட்டி பிடிக்கும்?"

பீய்ச்சியது கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவம் கலந்த வெந்நீர். அதன் உறைநிலை குறைவு, அவ்வளவுதான். மேகத்தின் கதைதான் சுவாரசியம்.

மைனஸ் 10 டிகிரி மேகத்திலும் துளிகள் திரவமாகவே மிதக்கும். உறையத் தொடங்க ஏதாவது ஒரு துகள் தேவை. அது கிடைக்காத சின்னஞ்சிறு துளி மைனஸ் 38 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். இறக்கை வந்து மோதினால் அந்த நொடியே உறையத் தொடங்கும்.

ஆனால் முழுசாக உறையாது! ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளியேறும். அதே ஒரு கிராமை மைனஸ் 10-லிருந்து பூஜ்ஜியத்துக்கு ஏற்ற 10 கலோரியே போதும். ஆக, எட்டில் ஒரு பங்கு உறைவதற்குள் அந்த வெப்பமே மிச்சத்தைப் பூஜ்ஜியத்துக்கு ஏற்றிவிடும், உறைதல் தடைப்படும். மீதி ஏழு பங்கும் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்தபடி இறக்கைமேல் பின்னோக்கி ஓடும், ஓடிய இடத்தில் கண்ணாடியாய் இறுகும். மேகம் இன்னும் குளிர்ந்து, துளியும் சிறிதாக இருந்தால் மோதிய இடத்திலேயே வெள்ளையாகப் பொரபொரவென்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தட்டிவிடுவது சுலபம். பூஜ்ஜியத்தை ஒட்டிய மேகம்தான் பொல்லாதது.

எடையைவிட வடிவம் கெடுவதே ஆபத்து. உப்புத்தாள் அளவு சொரசொரப்பே தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்துவிடும்.

1994 அக்டோபர் 31 அன்று, சிகாகோவில் இறங்க வரிசையில் காத்து வட்டமடித்துக்கொண்டிருந்த ஏ.டி.ஆர். 72 ரக புரொப்பல்லர் விமானம் இந்தியானாவின் ரோஸ்லான் அருகே விழுந்தது. 68 பேரும் இறந்தார்கள். அதன் இறக்கை முன்விளிம்பில் ரப்பர் பைகள் உண்டு. அவை உப்பி, பிடித்த பனிக்கட்டியை உடைத்துத் தள்ளும். தூறல் அளவுக்குப் பெரிய துளிகளோ பைகளைத் தாண்டிப் போய் வரப்புக் கட்டிவிட்டன. காற்றோட்டம் பிரிந்து, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை நுனி மடல் தானாகத் திரும்ப, விமானம் புரண்டது.

இந்தப் பெரிய துளிகளுக்கென அமெரிக்க அரசு தனி விதி வெளியிட்டது 2014-இல்தான். பனிக்கட்டி பிடிப்பதைச் சோதித்துப் பார்க்கவே அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1944 முதல் ஒரு குளிர்க்காற்றுச் சுரங்கம் இயங்குகிறது. அப்படியும் விபத்துக்குப் பிறகு விதி வர 20 ஆண்டு. மூன்றே வருடத்தில் 'பயன் என்ன?' என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை நிறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

பெரிய ஜெட் விமானங்களில் இன்ஜினின் சூடான காற்றையே இறக்கை முன்விளிம்புக்குள் செலுத்துகிறார்கள். மேகங்களையும் அவை சட்டென்று கடந்துவிடும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் பெரும்பாலும் மைனஸ் 50. இறக்கையில் ஒட்ட அங்கே திரவத் துளியே கிடையாது.